தண்ணீர் முறையன்று வந்த வாத்தியார்

எங்கள் புன்செய்க் காட்டுக்கு வடக்கே சிவன்மலை இருக்கிறது என்பதை எட்டு வயது வரை நான் முழுதாக நம்பியதில்லை. மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறது, சாயங்காலம் மழை வரும் என்று பெரியவர்கள் பேசும்போது நானும் அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலமாக ஒரு கலங்கல்தான். பக்கத்தில் இருப்பவற்றுக்கு மட்டுமே உருவம் உண்டு, தள்ளிப் போகப் போக எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துவிடும், உலகத்தின் நடைமுறை அதுதான் என்று நினைத்திருந்தேன். கரைந்துபோனதற்கும் பெரியவர்கள் பேர் வைத்துப் பேசுவது ஒரு மரியாதைக்காக இருக்கும். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குக் குறைவே கிடையாது.

அந்த உலகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆடுகள் வெள்ளைப் புகையாக மேயும். ராத்திரியில் விளக்கைச் சுற்றி ஒரு பெரிய மஞ்சள் பூ விரியும். மனிதர்கள் முதலில் குரலாக வந்து, பிறகு நிறமாகி, கடைசியில்தான் முகமாவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், காங்கேயத்துக்குப் பஸ் வருவதே அதிசயமாக இருந்த காலம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் முன்னால் உட்காருவார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் பின்சுவரோரம். வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் பலகைக்கு முன்னால் நின்று கையை ஆட்டுவார், உடனே எல்லோரும் சிலேட்டில் எழுதத் தொடங்குவார்கள். அவரவர் மனதில் தோன்றியதை எழுதவேண்டும் போலிருக்கிறது என்று நான் அணில் வரைந்து கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் அடிக்கமாட்டார். அணிலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

வாய்ப்பாடும் பாட்டும் மட்டும் எனக்குத் தலைகீழாக வரும். அதனால் பள்ளிக்கூடத்தின்மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

"உங்கப்பாவை ஒரு தடவை வரச் சொல்லும்மா" என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். நான் வந்து சொன்னேன். "வாரேன்னு சொல்லு, அம்மணி" என்றார் அப்பா. வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. 'வாரேன்' என்றால் உங்கள் சொல் காதில் விழுந்தது என்று பொருள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் கூப்பிடுவது அப்பாவுக்குப் போலீஸ் கச்சேரியிலிருந்து கூப்பிடுவது மாதிரி. தப்புச் செய்தவனைத்தானே கூப்பிடுவார்கள்? தஞ்சாவூர்க்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? 'வாரேன்' வந்த நாளெல்லாம் ஒரு முக்காலியைத் துடைத்துத் தன் பக்கத்தில் போட்டுக் காத்திருந்தார்.

கடைசியில் அவரே எங்கள் காட்டுக்கு வந்துவிட்டார். அந்த நாள் பார்த்தா வரவேண்டும்? அன்று எங்கள் தண்ணீர் முறை. கிணறு எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொது, உச்சிப்பொழுது வரைதான் எங்களுக்கு. ராகிப் பயிர் தலை தொங்கிக் கிடந்தது. அப்பா மாடுகளைப் பூட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தார். கிணற்றடியிலிருந்து மாடுகள் சரிவில் இறங்க இறங்க, வடம் இழுபட்டு, தண்ணீர் நிறைந்த தோல் சால் மேலே வந்து தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கியே மேடேறி வரும். நான் தொட்டியோரம் கால் நனைய உட்கார்ந்திருந்தேன்.

"வாங்க வாத்தியாரய்யா. கோவிச்சுக்காதீங்க, மொறத் தண்ணிங்க. நிறுத்துனா பயிரு காஞ்சு போயிருமுங்க."

"நீங்க ஓட்டுங்க. நான் கூடவே நடந்து பேசறேன்."

அப்படித்தான் அந்தப் பேச்சு நடந்தது. சரிவில் இறங்கும்போது இரண்டு குரலும் கப்பியின் முனகலில் கரைந்துபோகும். மேலே வரும்போது திரும்பக் கிடைக்கும். தூக்கத்தில் கேட்பது போல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவை கிடைத்தது வாத்தியாரின் குரல்.

"நாளையிலேருந்து பிள்ளையை அனுப்ப வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். பலகையில எழுதினதை ஒரு எழுத்துகூட எழுத மாட்டேங்குது. வாயால சொன்னா அட்சரம் பிசகாம ஒப்பிக்குது. இது பிடிவாதம் இல்லாம வேற என்ன?"

கீழே போய்விட்டார்கள். மறுபடி மேலே வந்தபோது அப்பாவின் குரல்.

"புடிவாதமெல்லாம் கிடையாதுங்க. கடுகுல மண்ணு பொறுக்கறதுல அவளை மிஞ்ச ஆளில்லீங்க. கொஞ்சம் பராக்கு, அவ்வளவுதான். போன வாரம் சோளக்காட்டுல நிக்கற பொம்மையப் பாத்து, 'வாங்க மாமா, சாப்புட்டீங்களா'ன்னு கேட்டுப்போட்டு வந்தாளுங்க. ஊட்டுல அத்தனை பேரும் சிரிச்சோமுங்க."

வாத்தியார் சிரிக்கவில்லை. ஏதோ கேட்டார். அதற்குள் மாடுகள் இறங்கத் தொடங்கிவிட்டன.

அந்தத் தடவை அவர்கள் திரும்பி வரவில்லை. சால் கொட்டி முடித்தும் மாடுகள் கீழேயே நின்றன. சரிவின் அடியில் ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையும் அசையாமல் தெரிந்தன. பிறகு பழுப்பு பேசியது.

"அம்மணி, அங்கிருந்தே சொல்லு. அப்பன் இப்பச் சிரிக்கறனா, அழுகறனா?"

பெரியவர்களிடம் அழுகிறீர்கள் என்று சொல்வது மரியாதை ஆகாது.

"சிரிக்கறீங்கப்பா" என்றேன்.

உச்சிப்பொழுதுக்கு வெகுநேரம் இருந்தது. அப்பா மாடுகளை அவிழ்த்துவிட்டார். தன் முறையில் அவர் நுகத்தை இறக்கி நான் பார்த்ததே இல்லை. மேட்டில் ஏறி வந்து என் பக்கத்தில் முகமானபோது அந்த முகம் நனைந்திருந்தது. என் படிப்பு முடிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"நாளைக்குச் சரியா எழுதிப்போடறனுங்க" என்று வாத்தியாரிடம் அழுதேன். அவர் அப்பாவைப் பார்த்தார்.

மறுநாள் காலை அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். வாத்தியார் முக்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா அதில் உட்காரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைக்கு அடியில் போட்டு, என்னை அதன்மேல் உட்காரவைத்தார். எல்லோருக்கும் முன்னால் தனியாக உட்காரவைக்கிறார்களே, இது தண்டனைதான் என்று கூசிப்போனேன். அப்பா வாசற்படியை விட்டு நகரவில்லை.

கோயம்புத்தூர் டாக்டரும் மூக்குக் கண்ணாடியும் அதற்குப் பிறகு வந்தவை. அன்று காலை நிமிர்ந்து பார்த்தால், என் மூக்குக்கு நேரே கறுப்பில் வெள்ளையாக ஒரு 'அ' நின்றுகொண்டிருந்தது.

அதுவரை வெறுங்கையை ஆட்டிக்கொண்டிருந்த வாத்தியார், என் அப்பா வந்து கேட்டுக்கொண்டதால் அன்றுதான் பலகையில் எழுதவே தொடங்கினார் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.