இடப்பக்கம் பாருங்கள்

பீஜியில், எங்கள் சபேட்டோவில், தூங்கும் ராட்சசன் என்று ஒரு மலை இருக்கிறது. நெற்றி, மூக்கு, தொப்பை எல்லாம் தெரிய ஒருவன் மல்லாந்து படுத்திருப்பது போல இருக்கும். பீஜிக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னிடமே காட்டுவார்கள். என்ன அழகு, என்ன அழகு என்பார்கள். நான் தலையாட்டுவேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். மலை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதைக் காட்டிய என் மாமாவின் மேல்தான் கோபம், இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. நாடி விமான நிலையத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர், வாய் சாமர்த்தியத்தால் சுற்றுலா வழிகாட்டி ஆனவர். சாதாரணச் சுற்றுலா இல்லை. நாட்டின் சரித்திரத்தையும் பண்பாட்டையும் ஒரு வாரத்தில், உடம்பு நோகாமல் காட்டித் தரும் சொகுசுச் சுற்றுலா. வருகிறவர்கள் எல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணக்கார வெள்ளைக்காரர்கள். மாமா பூப்போட்ட சட்டை போட்டு, காதில் செம்பருத்தி செருகி, மைக்கைப் பிடித்தாரென்றால் எங்கள் மாமா மாதிரியே இருக்க மாட்டார்.

தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு பார்லிமென்டுக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அதற்கு மறு வருஷம் அது. வெளிநாட்டுக்காரர்கள் பயந்துபோய் வராமல் இருந்து, அப்போதுதான் ஒருவர் இருவராகத் திரும்பிவர ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் இந்திய ஆட்களோ நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கனடா போய்விட்டார். மாமாவும் நியூசிலாந்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார். பஸ்ஸில் சீட் காலியாக இருக்கிறது, பிள்ளையை அனுப்பு அக்கா, ஒரு நாள் சுற்றிவிட்டு வரட்டும் என்று அவர்தான் அம்மாவிடம் சொன்னார்.

அன்றைக்கு எங்கள் வீட்டைப் பிரிக்கிற நாள். பீஜியில் கரும்புக்காரர் வீடு என்றால் மரமும் தகரமும்தான். நிலம் பக்கத்துக் கிராமத்துப் பூர்வகுடிகளுடையது. குத்தகை முடிந்து, அவர்கள் புதுப்பிக்கவில்லை என்றால் நிலத்தை விட்டுவிட வேண்டும். வீட்டை மட்டும் ஆணி ஆணியாகப் பிடுங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். எங்களுக்குச் சுவாவைத் தாண்டி நகாசியில் ஒரு துண்டு இடம் கிடைத்திருந்தது. வீட்டைக் கழற்றி அங்கே கொண்டுபோய் மாட்டப்போகிறோம் என்று அப்பா சொன்னபோது, கட்டிலைக் கழற்றி வேறு அறையில் மாட்டுவது போலத்தான் நான் எடுத்துக்கொண்டேன். துளிகூட வருத்தம் இல்லை. ஆணி காலில் குத்திவிடும், நீ இங்கே இருக்காதே என்று அம்மா என்னைக் கிளப்பிவிட்டாள்.

கிளம்பும்போது வழக்கம்போல் கேட்டாள். “தொலஞ்சு போனா என்னா சொல்லுவே?”

வெளியே எங்கே அனுப்பினாலும் அம்மா கேட்கிற கேள்வி அது. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் விலாசம் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை வகுப்பிலேயே கணீரென்று சொல்கிறவள் நான்தான். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தீபாவளிக் கவுனோடு பஸ் ஏறினேன்.

அந்த பஸ்ஸை என்னவென்று சொல்வது? வெள்ளைத் தோல் போர்த்திய சீட்டுகள். ஏறி உட்கார்ந்ததும், வாசனை போட்டுச் சுருட்டிய ஈரத்துண்டு ஒன்று கையில் தந்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு கவுனை நனைத்துக்கொண்டேன். மாமா என்னை இடப்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்தார். எங்கள் வீடு வலப்பக்கம் வரும், அந்தப் பக்கம் உட்காருகிறேன் என்றேன். இங்கேயே இரு என்றார். பக்கத்தில் நீலக்கண் கிழவி ஒருத்தி இருந்தாள். என் வீடும் இந்த வழியில்தான், அப்பா கூரைமேல் நிற்பார், கை காட்டுவார் என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

மாமா சரித்திரம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு புளியமரத்தைக்கூட அவர் விடவில்லை. இங்கே ஒரு தலைவர் இறங்கினார், இங்கே ஒரு பாதிரியார் ஜெபித்தார், இந்த மேட்டில் ஒருவனைச் சுட்டுத் தின்றார்கள் என்றெல்லாம் சொன்னார். தின்ற கதையை இரண்டு தடவை சொன்னார், ஏனென்றால் அது எல்லாருக்கும் பிடித்திருந்தது. பிறகு சர்க்கரை வந்தது என்றார். எப்படி வந்தது, யார் வெட்டியது என்று ஒரு வார்த்தை இல்லை. கரும்பு தானாக முளைத்து, தானாக மில்லுக்கு நடந்து போனதாக்கும்! இந்தக் கோபம் எனக்குப் பிற்பாடு வந்தது. அப்போது நான் எங்கள் வீடு எப்போது வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலம் தாண்டியது. அடுத்தது எங்கள் வீடு. நான் சீட்டின் மேலேயே ஏறி நின்றுவிட்டேன். கூரையில் பாதி தகரம் போய்விட்டிருந்தது. மேலே அப்பாவும் மோமோவும் நின்றார்கள். மோமோ பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர்கள் மொழியில் மோமோ என்றாலும் மாமாதான். நான் கையைத் தூக்கினேன்.

“எல்லோரும் இடப்பக்கம் பாருங்கள்!” என்றார் மாமா மைக்கில். அப்படி ஒரு உற்சாகத்தை அவர் குரலில் நான் கேட்டதே இல்லை. “தூங்கும் ராட்சசன்! அதோ மூக்கு! அதோ வயிறு!”

பஸ் முழுக்க ஒரே திருப்பாக இடப்பக்கம் திரும்பியது. கேமராக்கள் எல்லாம் மலையைப் பார்த்தன. நீலக்கண் கிழவியும் எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டாள். அப்பா பஸ்ஸைப் பார்த்தார். கை காட்டவில்லை, குனிந்துகொண்டார். ஆளைத் தின்ற மேட்டைக் காட்டத் தெரிந்தவருக்குச் சொந்த அக்கா வீட்டைக் காட்ட முடியவில்லையா? அப்படி என்ன குறைந்துபோனோம்?

இதோடு முடிந்திருந்தால்கூட மறந்திருப்பேன். மலையடிவாரத்தில் சேற்றுக் குளியலுக்குப் போகிற வழியில் பஸ் நின்றது. சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் அங்கே புதிதாக ஒரு வீடு கட்டி வைத்திருந்தார்கள். பழைய காலத்து இந்தியக் கரும்பு விவசாயியின் வீடு என்று மாமா அறிமுகப்படுத்தினார். வாசலில் ஆளுக்கொரு இளநீர், அதில் குட்டிக் குடை. உள்ளே போனேன். முறத்தைச் சுவரில் படம் மாதிரி மாட்டியிருந்தார்கள். அம்மியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். சாமி அறையில் சாமி இல்லை, பூச்சாடி இருந்தது. தகரத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. எவ்வளவு எளிமையான, எவ்வளவு நிறைவான வாழ்க்கை என்று கிழவி பெருமூச்சு விட்டாள்.

நான் வெடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்து இங்கிலீஷில்தான். இது வீடே இல்லை, அசல் வீடு எங்களுடையது, அதை இப்போது பிரிக்கிறார்கள், நீங்கள் அதைத் தாண்டித்தான் வந்தீர்கள், இவர்தான் உங்களை மலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார் என்று கையை நீட்டி மாமாவைக் காட்டினேன். மாமா சிரித்தார். செம்பருத்தி காதிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

கிழவி மற்றவர்களைப் பார்த்தாள். அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அசலையே பார்க்கலாமே என்றார் ஒருவர். அந்தச் சுற்றுலாவில் விருந்தாளி கேட்டால் இல்லை என்கிற பேச்சே கிடையாது. பஸ் திரும்பியது. நான் வெற்றி வீராங்கனை மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். மாமா வழி முழுக்க மைக்கைத் தொடவில்லை.

எங்கள் வாசலில் அந்த பஸ் வந்து நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. அப்பா கிழிந்த பனியனோடு கூரையில் நின்றார். அம்மா மரத்தடியில் உட்கார்ந்து, பிடுங்கிய ஆணிகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி டின்னில் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் பார்வை என்னிடம் வந்து, மாமாவிடம் போய் நின்றது.

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இது ஒரு விவசாயக் குடும்பம். இவர் இந்த வீட்டுப் பெண்மணி” என்றார்.

இந்த வீட்டுப் பெண்மணி! அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனவர் அவர். எங்க மாமாதான் இவர் என்று கத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். அம்மா வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது.

எங்கள் வீட்டில் எல்லாரும் பேசுவது பீஜி ஹிந்தி. அம்மாவும் மாமாவும் மட்டும், யாருக்கும் புரியக்கூடாது என்றால் தமிழுக்குப் போவார்கள். எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் புரியும். சென்னைக்காரரைக் கட்டிக்கொண்டு, அவரோடு சண்டை போட்டே நான் தமிழ் படித்தது பிற்பாடு.

“டீ போடறேன். சர்க்கர எவ்ளோன்னு கேளுடா அவங்கள” என்றாள் அம்மா, யாரோ ஒருவரிடம் பேசுவது போல முகத்தை வைத்துக்கொண்டு.

“வேணாங்கா, வுடு” என்றார் மாமா, அதே முகத்தோடு.

“வாசலுக்கு வந்துட்டாங்க. கேளு.”

கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து எனாமல் கோப்பைகளை எடுத்தாள். கூரை இல்லாத அடுப்படியில் டீ கொதித்தது. சொகுசு விருந்தாளிகள் எங்கள் தகரக் குவியலின் மேல் உட்கார்ந்து குடித்தார்கள். இஞ்சி மணத்தைப் பற்றிப் புகழ்ந்தார்கள். பிறகு ஒருவர், நிலம் யாருடையது என்று கேட்டார். கூரையிலிருந்து இறங்கி வந்திருந்த மோமோ கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். நிலம் அவருடைய குலத்துக்குத்தான் சொந்தம். ஆனால் முடிவெடுத்த கூட்டத்தில் அவரை யாரும் கேட்கவில்லை. காலையிலிருந்து ஆணி பிடுங்குவதற்கு அவரை யாரும் கூப்பிடவும் இல்லை, தானாகத்தான் வந்திருந்தார்.

கிழவி அப்பாவிடம், எப்படி இருக்கிறது உங்களுக்கு, வீட்டை விட்டுப் போவது என்று கேட்டாள். அப்பா ஹிந்தியில் மாமாவைப் பார்த்துச் சொன்னார். “எங்க பாட்டன் காட்டை வெட்டிக் கரும்பு போட்டான். நான் ஆணி புடுங்கறேன். எப்படி இருக்கும்னு நீயே சொல்லு.”

மாமா இங்கிலீஷில் சொன்னார். “நகரத்தில் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கிடைக்கும் என்று மகிழ்ச்சியாக இருக்கிறாராம்.”

இரண்டு மொழியும் எனக்குத் தெரியும். பொய், பொய் என்று மனசுக்குள் கத்தினேன். அப்பாவுக்கும் அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். அவர் டீயைக் குடித்தார். விருந்தாளிகளுக்கு நிம்மதியாகிவிட்டது. ஒருத்தர்கூட மேலே கேட்கவில்லை. இன்றைக்கு யோசித்தால் மாமாவைவிட அவர்கள்மேல்தான் அதிகம் எரிகிறது. மகிழ்ச்சியாக இருக்கிறவன் முகமா அது? கண் இருந்ததே! துப்பாக்கி தூக்கினவனுக்கு ஆட்சி வேண்டியிருந்தது, கம்பெனிக்கு அமைதியான நாடு வேண்டியிருந்தது, அவர்களுக்கு நல்ல முடிவு வேண்டியிருந்தது. எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற இடத்தில் மட்டும் மைக் இல்லை.

கிளம்பும்போது கிழவி ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள். அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் மூட்டைக்குள் கையைவிட்டு, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கதவு இல்லாத வாசற்படியில் அம்மாவை நிறுத்தினார். ஒதுங்கி நின்ற மோமோவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நான் நடுவில். வீட்டோடு சேர்ந்து எங்களை அதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. மாமாவை யாரும் கூப்பிடவில்லை, அவர் வழிகாட்டிதானே.

கிழவி கேமராவை இறக்கிவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தாள். படத்தைக் கட்டாயம் அனுப்புகிறேன், விலாசம் சொல்லுங்கள் என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மாமாவும் சும்மா நின்றார். இவர்களுக்கு என்ன ஆயிற்று? இதுகூடவா தெரியாது? காலையில்தானே அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன்? வீட்டையே கொண்டுபோகிறோம், விலாசமும் கூடவே வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முன்னால் வந்து, வகுப்பில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, அப்பா பெயரில் ஆரம்பித்து, பாலத்துக்கு அடுத்த வீடு, சபேட்டோ ரோடு, நாடி, பீஜித் தீவுகள் என்று ஒரே மூச்சில் கணீரென்று சொல்லி முடித்தேன்.

கிழவி கவனமாக எழுதிக்கொண்டாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று கன்னத்தைத் தட்டினாள். நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அப்பா திருத்தவில்லை, அம்மா திருத்தவில்லை. மாமா எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அந்த மலையையே பார்த்து நின்றார். இன்னும் அந்த வித்தையை விடவில்லையே இந்த மனுஷன் என்று எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.