புண்ணைக் காட்டி நின்ற புனித ரோக்கு

ஞானரட்ணத்துக்குப் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. மன்னாரில் பிறந்தவர். போரின் கடைசி மாதங்களில் வலத்தொடையில் பாய்ந்த ஷெல் துண்டோடுதான் பாரிசுக்கு வந்தார். விசா இல்லாத காலத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகப் பயம். விசா கிடைத்த பிறகோ, காயம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். பெட்டி தூக்கும்போது முகம் கோணும். கேட்டால், குளிர் என்பார்.

மத்தியானத்தில் ஓய்வு கிடைத்தால் அருகிலிருந்த பழைய கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்க் காலை நீட்டி உட்காருவார். அங்கே பக்கப் பீடத்தில் ஐந்நூறு ஆண்டுப் பழைய மரச்சிலை ஒன்று நின்றது. கொள்ளைநோய்க்காரரைப் பராமரித்துத் தானும் நோயில் விழுந்த புனித ரோக்கு. அங்கியை ஒதுக்கித் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டிருப்பார். காலடியில் வாயில் ரொட்டியுடன் ஒரு நாய். புனிதரின் முகத்தில் வேதனையும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்த முகத்துக்காகவே ஞானரட்ணம் அந்தப் பக்கமாக உட்காருவார்.

போன மார்கழியில் விடாமல் மழை பெய்தது. கூரைத் தண்ணீர் சுவரோடு இறங்கி, சிலைக்கு மேலே காரை பெயர்ந்து விழத் தொடங்கியது. கோயிலைப் பராமரிக்கும் தியரி, எழுபதை நெருங்கியவர், அதை வெளியே எடுக்கத் தனியாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஞானரட்ணம் யோசிக்கவில்லை, ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். ஆளுயர மரம், இரண்டு பேரால் முடியுமா என்று நினைத்தவருக்கு ஆச்சரியம். சிலையின் முதுகு முழுவதும் குடையப்பட்டிருந்ததால் பாரம் குறைவு. மரம் வெடிக்காமலிருக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று தியரி மூச்சிரைக்கச் சொன்னார். உளி போன தடங்களைப் பற்றிக்கொண்டு ஞானரட்ணம் பின்புறமாக நடந்தார்.

வாசற்படியில் வலக்கால் மடங்கியது. சிலையை அவர் விடவில்லை. நெஞ்சோடு அணைத்தபடியே மல்லாந்து விழுந்தார். புனிதருக்கு ஒரு கீறலும் இல்லை. இவரால்தான் எழும்ப முடியவில்லை.

தியரி அம்புலன்ஸை அழைத்து, தானும் கூடவே ஏறிக்கொண்டார். மனைவி இம்மாகுலேற் பியர்ஃபித்திலிருந்த வீட்டிலிருந்து பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, டொக்டர் தொடைத் தழும்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் விழுந்தது என்று ஞானரட்ணம் மழுப்பினார். தியரியிடம் நடந்ததைக் கேட்டறிந்த இம்மாகுலேற் கணவரின் கட்டிலருகே வந்தார்.

“ரோக்கு அவ்வளவு காலமாய்த் தன்ரை புண்ணைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். நீங்கள் ஆருக்கு ஒளிக்கிறியள்?”

ஞானரட்ணம் டொக்டரின் பக்கம் திரும்பினார். பிறகு தெரிந்த பிரெஞ்சில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். பங்கர், ஷெல், தன்னைத் தோளில் சுமந்து ஓடிய முகம் தெரியாத ஒருவர், எல்லாம். தியரி அவருடைய கையைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை.

புளியங்கொட்டையளவு இரும்பு ஒன்று நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்தார்கள். பங்குனியில் அவர் வலியில்லாமல் நடந்தார். மழை ஈரம் ஏறிய சிலை இன்னும் திருத்தும் பட்டறையில் இருக்கிறது. அவரும் தியரியும் போய்ப் பார்த்தார்கள். பஞ்சு மெத்தையில் நோயாளியைப்போலப் படுத்திருந்தது. தொட விடமாட்டார்கள் என்று தெரிந்து, ஞானரட்ணம் எட்ட நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தியரி பியர்ஃபித்துக்குச் சாப்பிட வருகிறார். இம்மாகுலேற்றின் நண்டுக் கறியில் உறைப்பைக் குறைக்க விடமாட்டார், கண்ணீர் வழியச் சாப்பிடுவார். அதற்கு முன்னால் ஞானரட்ணம் தமிழில் நன்றி சொல்லிச் செபிப்பார். அந்தச் செபத்தில் டொக்டர் வருவார், ரோக்கு வருவார், அந்த முகம் தெரியாதவரும் வருவார். தியரிக்கு ஒரு சொல்லும் விளங்காது. தன் பெயர் வரும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தலையைக் குனிந்துகொள்வார்.