சூடைமீனும் என் மறதியும்

வாய்க்கால் கதவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அது நடந்தது. எதிரே இருந்த வயல்களில் எது என்னுடையது என்று தெரியவில்லை. அந்த மண்ணில் தலை நரைத்தவன் நான். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. அதற்குள் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. வயல்காரர் சிரித்தார். நான் அவசரமாகக் கதவை மூடினேன்.

பிறகு ஆட்களின் பெயர்களும் தவறத் தொடங்கின. நெளுக்குளத்தில் இருக்கும் மகள் வந்தாள்.

"அப்பா, வயலைக் குத்தகைக்குக் குடுத்திட்டு எங்களோட வந்திருங்கோ."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ உயிரைக் கேட்டது போலிருந்தது. "முதல்ல டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். டிமென்சியா (நினைவும் நிதானமும் குலையும் மறதிநோய்) இன்னும் இல்லை, அதன் வாசலில் நிற்கிறேன் என்றார் டொக்டர், ஒரு இளம்பெண். கொலஸ்ட்ரோல் (இரத்தத்தில் உள்ள கொழுப்பு) கூடுதல், பிரஷரும் கூடுதல். இவை மூளையின் சிறு குழாய்களைக் கெடுத்து மறதிநோய்க்கு வழிவிடலாம்.

"பொரியலையும் இறைச்சிக் கொழுப்பையும் குறையுங்கோ ஐயா. நடவுங்கோ. மருந்துக் குளிசையை விடாதேங்கோ. மாறும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. தள்ளிப்போடப் பாக்கலாம்."

என் மனைவி பவளத்தின் காதில் 'கொழுப்பு' என்ற சொல் மட்டுமே ஏறியது. வீடு திரும்பியதும் குசினியில் ஊரடங்குச் சட்டம். மீன், முட்டை, கச்சான் கடலை எல்லாம் போயின. சனிக்கிழமை முழுக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"இஞ்சாரும், அது தலையில வைக்கிற எண்ணெய்."

"உங்களுக்குத் தலைக்குள்ளதானே வருத்தம்?"

அவளோடு வாதாடி வென்றவர் இல்லை. வெறுஞ்சோறும் கீரையுமாக மெலிந்தேன். வரம்பில் கால் தள்ளாடியது. மறதிக்கு முன்னர் பட்டினியே என்னைக் கொண்டுபோய்விடும் போலிருந்தது.

அடுத்த கிளினிக்கில் என் எடையைப் பார்த்து டொக்டர் திடுக்கிட்டார். பவளம் பெருமையோடு சொன்னாள்: "ஒரு சொட்டு எண்ணெய் குடுக்கேல்லை டொக்டர். தலைக்கும் வைக்க விடேல்லை."

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அம்மா, மூளைக்கும் நல்ல கொழுப்பு வேணும். மீன் குடுங்கோ. சூடை, சாளை மாதிரிச் சின்ன மீனே காணும். கச்சானும் ஒரு பிடி. முழுக்கு என்ன பாவம் செய்தது?"

அன்று மாலையே நாயாற்றிலிருந்து வரும் மீன்காரரிடம் சூடை வாங்கி, பொரிக்காமல் புளிவிட்டுக் காய்ச்சினாள். நான் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது.

"பட்டினி போட்டிட்டன் என்ன?"

"நல்லாப் போட்டனீர்" என்றேன்.

உடம்பு தேறியது. மாரிமழையோடு காலபோக நெல் விதைத்தேன். வாய்க்காலுக்குப் பவளமும் கூட வந்தாள். அறுவடை முடிந்தபின் மறுபடியும் கடிகாரம் வரைந்தேன்.

"ஞாபகம் இன்னும் குறையேல்லை ஐயா. அப்பிடியே நிக்குது" என்றார் டொக்டர்.

இதே மறதி வருத்தத்தோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இது சின்னச் செய்தி அல்ல. மாலை போடாத குறையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். மகளை அழைத்தேன். "பிள்ளை, அடுத்த போகமும் நான்தான் விதைக்கிறன்."

"அப்ப எங்களுக்கும் ஒரு மூட்டை அரிசி அனுப்புங்கோ" என்றாள். குத்தகைக் கதை அதோடு முடிந்தது.

முன்பெல்லாம் ஒரு பெயர் வராவிட்டால் நாள் முழுக்கப் பதறுவேன். இப்போது காத்திருக்கப் பழகிவிட்டேன். போன கிழமை ஒரு பழைய கூட்டாளி தெருவில் சைக்கிளை நிறுத்தினான். பெயர் வரவில்லை. அவன் கையைப் பிடித்தபடி கதை கேட்டுக்கொண்டு நின்றேன். விடைபெற்று அவன் தெருமுனையை எட்டியபோது பெயர் வந்தது. உரத்துக் கூப்பிட்டேன். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான்.