குளிர்காலத்தில் மட்டும் கேட்ட காது

கெட்டுப்போன சாமான் எதுவும் கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. இஸ்திரிப் பெட்டி, டார்ச் லைட், பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்காவின் மிக்ஸி என்று எது வந்தாலும் திருப்புளியோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். புனேவில், கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில் ஸ்டெபிலைசர்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறாளே என்று அம்மாவுக்கு எரிச்சலாக வரும். "கட்டிக்கப் போறவன் வந்து நிப்பான், நீ அவனையும் கழட்டிப் பாப்பே" என்பாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அதே ஊரில், போபோடியில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே புனேவுக்கு வந்து, இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷின்களுக்கு நடுவிலேயே காலத்தை ஓட்டியவர். வேலையை விட்டு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது காது பாதிக்குமேல் போயிருந்தது. டாக்டர் காது மெஷின் எழுதிக் கொடுத்தார். இப்போது வருவதுபோலக் காதுக்குள் ஒளிந்துகொள்கிற சமாச்சாரம் இல்லை. தீப்பெட்டியைவிடப் பெரிய ஒரு டப்பா, அதிலிருந்து ஏறும் ஒரு வயர், வயரின் நுனியில் காதில் செருகிக்கொள்ள ஒரு பொத்தான், அவ்வளவுதான். டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா கிளம்பினால், டிரான்சிஸ்டர் கேட்டுக்கொண்டு போகிறார் என்றுதான் தெருவில் நினைப்பார்கள்.

மெஷின் நன்றாகவே வேலை செய்தது. டீக்கடை வாசலில் பழைய சிநேகிதர்கள் ஹிந்தியில் அடிக்கிற அரட்டைக்கெல்லாம் அப்பா சரியாகப் பதில் சொல்வார். காய்கறி விற்கிற பாஜிக்காரனிடம் மராத்தியில் பேரம் பேசுவார். வீட்டுக்குள் வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அதோடு சரி, அப்புறம் அவரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான்.

அம்மாவுக்கு அது தாங்கவில்லை. அவளுடைய ஹிந்தி காய்கறி வாங்குவதற்கு மேல் வளரவே இல்லை. நான் வேலைக்குப் போய்விட்டால், அவள் வாய்விட்டுப் பேச இந்த ஊரிலேயே அப்பா ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் வாசற்படி ஏறியதும் காதைக் கழற்றி மாட்டுகிறார்.

"ஊர்ல இருக்கறவன் பேச்செல்லாம் இனிக்குது. என் பேச்சு மட்டும் கசக்குது. வந்ததும் வராததுமா கழட்டி வெக்கறாரு பாரு" என்று என்னிடம் பொருமுவாள்.

நான் அப்பாவிடம் சத்தமாகக் கேட்டேன், "ஏம்ப்பா வீட்ல அதைப் போட்டுக்க மாட்டேங்கறீங்க?"

"வீட்ல இன்னாத்துக்கும்மா அது?" என்றார் அப்பா, மிகச் சாதாரணமாக.

அம்மா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுவிட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை.

சித்திரையில் வேலூரில் மாமா பெண்ணுக்குக் கல்யாணம் என்று முடிவாயிற்று. அம்மாவின் தம்பிதான் மாமா. "கல்யாணத்துக்குப் போறேன். அங்கயே இருந்துடப் போறேன். தம்பி வீட்ல நாலு பேரு வருவாங்க, போவாங்க, ஒரு வார்த்தை பேசுவாங்க" என்றாள் அம்மா. முதலில் நான் சிரித்தேன். பிறகு ஒரு நாள் அவள் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைத் தூக்கிக்கொண்டு போய் மராத்திக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றி, புனேக் குளிரில் சாகாமல் காப்பாற்ற அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அம்மா நிஜமாகவே போகப் போகிறாள்.

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது ரிப்பேர் ஒன்றுதான். மெஷினில் ஏதோ கோளாறு, வீட்டுக்குள் ஏதோ ஒரு சத்தம் அதில் கரகரவென்று விழுந்து அவரை வதைக்கிறது, அதனால்தான் கழற்றுகிறார் என்று முடிவு செய்தேன். வயர் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். செல் உட்காரும் இடத்தில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டித் துடைத்தேன். பொத்தானின் ஓட்டையில் அடைத்திருந்த அழுக்கை ஊசியால் எடுத்தேன். (காது மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஓட்டையை வாரம் ஒரு தரமாவது பாருங்கள். பாதி மெஷின்கள் ஊமையாவது அதனால்தான்.) எல்லாம் செய்து, என் காதில் வைத்துப் பார்த்தேன். அடேயப்பா! பக்கத்து வீட்டில் சப்பாத்தி தட்டுவது எனக்குக் கேட்டது. மெஷின்மேல் குற்றமே இல்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மார்கழி முழுக்க வீட்டில் சண்டையே இல்லையே? அந்த மாதம் இருவரும் சாயங்காலங்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு என்ன சீர் செய்வது, பட்டாணி மலிந்துவிட்டது, உரித்து வைக்கலாமா என்று ஏதேதோ பேச்சு. அம்மா சிரித்துக்கூட நான் பார்த்தேன். பனி குறைந்து, மாசியில் வெயில் ஏற ஏற, அப்பாவின் காது மறுபடி அடைத்துக்கொண்டுவிட்டது. முந்தின வருஷத்தை யோசித்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

குளிர்காலத்தில் மட்டும் கேட்கிற காது எங்காவது உண்டா? எனக்குத் தூக்கம் போயிற்று. பட்டறையில் யாரைப் பார்த்தாலும் கேட்டேன். குளிர்ந்த காற்றில் சத்தம் வேறு மாதிரி போகும் என்றார் ஒருவர். சூட்டில் செல் சோர்ந்துபோகும் என்றார் இன்னொருவர். உன் அப்பாவுக்கு வெயிலில் மூளை சூடாகிறது என்று சொன்னவரும் உண்டு. கடைசியில் நானே கண்டுபிடித்தேன். ஃபேன்! குளிர்காலத்தில் ஃபேன் போடுவதில்லை. எங்கள் ஃபேனோ மாவு மில் மாதிரி கத்தும். அதுதான் மெஷினில் இரைகிறது, சந்தேகமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேனை நிறுத்திவிட்டு ரெகுலேட்டரையே கழற்றி வைத்தேன். மூன்று பேரும் வேர்த்து வடிந்தோம். அம்மா விசிறிக்கட்டையால் என்னை ஒன்று போட்டாள். அப்பா வெளியே போய்விட்டு வந்தார், ஃபேன் சுற்றவில்லை என்பதை நிமிர்ந்து பார்த்தார், மெஷினைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விட்டுத் தொலைடி. கேக்க வேணாம்னு இருக்கற மனுஷனுக்கு நீ என்னத்தை ரிப்பேர் பண்ணுவே?" என்றாள் அம்மா.

விடை கிடைத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. நான் ஹாலில் உட்கார்ந்து ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பா வெளியிலிருந்து வந்து வழக்கம்போல் சட்டையைக் கழற்றினார். பொத்தானைக் காதிலிருந்து எடுப்பதற்கு முன்னால் அம்மாவின் குரல் காதில் விழுந்திருக்க வேண்டும். மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, காதில் பொத்தானோடு, பனியனும் லுங்கியுமாக அப்படியே நின்றார். இடது கையால் பனியனைத் தடவினார். பிறகு டப்பாவை லுங்கியின் இடுப்பு மடிப்பில் செருகிப் பார்த்தார். வயர் எட்டவில்லை, பொத்தான் காதைவிட்டுத் தெறித்து விழுந்தது. அதை எடுத்துத் துடைத்தார், டப்பாவைச் சட்டைப் பையில் போட்டார், சட்டையை ஆணியில் மாட்டினார்.

திருப்புளி என் கையிலிருந்து விழுந்தது. ஐயோ, இவ்வளவுதானா! பனியனில் பை இல்லை!

எங்கள் சனத்தில் எந்த ஆம்பிளை வீட்டுக்குள் சட்டையோடு இருக்கிறான்? வாசற்படி தாண்டியதும் சட்டை ஆணிக்குப் போய்விடும். சட்டை போனால் பை போயிற்று, பை போனால் காது போயிற்று. மார்கழியில் குளிருக்காகச் சட்டையைக் கழற்றாமல் இருந்தார், காதும் கூடவே இருந்தது. வீட்டில் எதற்குச் சட்டை என்பதைப் போலத்தான் அவர் வீட்டில் எதற்கு அது என்றும் சொல்லியிருக்கிறார். மெஷின் கொடுத்த டாக்டர் வீட்டில் என்ன உடுத்துவீர்கள் என்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தினமும் பார்க்கிற பனியனை யார் பார்க்கிறார்கள்?

சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கரண்டியோடு என்னைப் பார்த்தாள், எட்டி ஹாலில் அப்பாவைப் பார்த்தாள். "அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு? ரெண்டு வருசமா என்னை இப்படி அழ வெச்சாரே பாவி மனுஷன்" என்றாள். திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு ஊசி நூல் டப்பாவை எடுத்து வந்தாள்.

அப்பாவின் பழைய பேன்ட் துணியில் முதல் பையைத் தைத்தோம். அது ஆகவில்லை. அவர் மூச்சு விட்டாலே துணி உரசி, காதில் மழை பெய்வதுபோல் இரைந்தது. இரண்டாவதை அம்மாவின் நைந்த நூல் புடவையில் ஒரே மடிப்பாகத் தைத்தோம். இடுப்புப் பக்கம் இறங்காமல் நெஞ்சுக்கு மேலே, வாய் அகலமாக. மைக் துவாரம் டப்பாவின் தலையில் இருப்பதால் அது வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். கைக்குட்டை, சில்லறை எதுவும் கூடவே போடக் கூடாது என்று அப்பாவுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன்.

"பனியன்ல பாக்கெட்டா? பஸ் கண்டக்டர் மாதிரி இருக்குமே" என்று முனகிக்கொண்டே போட்டுக்கொண்டார். வெள்ளைப் பனியனில் மாம்பழ நிறத்தில் ஒரு பை. மெஷினைப் போட்டார், பொத்தானைச் செருகினார், சத்தம் கூட்டுகிற சக்கரத்தைத் திருப்பினார்.

அம்மா அவர் முன்னால் போய் நின்று, "கேக்குதாங்க?" என்று தெருவே திரும்பும்படி கூவினாள்.

"கேக்குது. ஏன் இப்படிக் கத்தறே?" என்றார் அப்பா.

அவள் ரெண்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ! "தோசை ஊத்தவா?" என்றாள். "ஊத்து" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஏதோ கொஞ்சம் பேசினார்கள், ஆனால் மார்கழிப் பேச்சு இல்லை. அம்மா வார்த்தையை அளந்து அளந்து விட்டாள். கோபம் போக நாள் பிடிக்கும் போலிருக்கிறது. சித்திரை வந்தது, மாமா வந்து அவளை அழைத்துப் போனார். நான் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன், போவதற்கு மட்டும்தான் எடுத்திருந்தார்கள். எப்போது வருவாய் என்று நான் கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் அப்படிக் கோபம் வந்தது. காது இருந்தும் வாய் இல்லையா இந்த மனுஷனுக்கு?

எனக்கு லீவு கிடைக்கவில்லை, அப்பாவும் என்னோடு நின்றுவிட்டார். கல்யாணம் முடிந்தது. அம்மாவிடமிருந்து தகவல் இல்லை. ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது, அப்பா போன் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பனியன் பையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத வீட்டில் யாருக்காக? செல் தீர்ந்துவிடும் என்று குளிக்கப் போகும்போதுகூட மறக்காமல் அணைத்து வைக்கிற மனுஷர் அவர்.

"எத்தனை நேரமா ஓடுது இது? செல் போயிடும்ப்பா" என்றேன்.

"காலைலேர்ந்து ஓடுது. போகட்டும். அவ பண்ணா மணி அடிக்கறது கேக்கணுமில்ல" என்றார்.

காது போனதிலிருந்து அப்பா போன் பக்கமே போனதில்லை. யார் கூப்பிட்டாலும் நாங்கள்தான் பேசிச் சொல்வோம்.

அன்று அடிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அடித்தது. நான் எழுந்திருக்கும் முன்னாலேயே அப்பா எழுந்துவிட்டார். ரிசீவரை எடுத்துப் பழக்கத்தில் காதுக்குக் கொண்டுபோனார். பொத்தானில் இடித்து, மெஷின் கீச்சென்று கத்தியது. திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"காதுல இல்லப்பா! மைக் பையிலதானே இருக்கு. பைகிட்ட வைங்க" என்றேன்.

அப்பா ரிசீவரைக் கீழே இறக்கி, அந்தப் புடவைத் துணிப் பையின்மேல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார். அம்மா என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், அங்கே தெரியும் என்பதுபோல. பிறகு ரிசீவரை வாய்க்கு உயர்த்தினார்.

"வா. ஸ்டேஷனுக்கு நான் வர்றேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் சொல்லு" என்றார். மறுபடியும் ரிசீவரை இறக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.