நானே திரித்த கயிறு

கணவர் வளைகுடாவில் முதுகில் அடிபட்டுத் திரும்பி வந்தபிறகு, கடையில் வாங்குகிற பழக்கத்தை ஒவ்வொன்றாக விட்டோம். வீட்டையொட்டிய விளையில் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் நின்றன. வீட்டுத் தேங்காயில் எண்ணெய் ஆட்டி, அதிலேயே சோப்பு காய்ச்சினேன். தென்னை ஈர்க்கில் சீவித் துடைப்பம் கட்டினேன். தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்து, கிணற்றுக் கயிறுகூட நானே திரித்தேன்.

அடுத்த வீடு கணவருடைய அண்ணன் வீடு. அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அவர்கள் புதுமாடி கட்டிப் பால்காய்ச்சு வைத்தபோது, வெறுங்கையோடு போக எனக்கு மனமில்லை. கருங்கல் ஊரில் ஒரு தையல்காரரிடம் வெட்டுத்துணி வாங்கிவந்து நான்கு மாதம் கையாலேயே தைத்து ஒரு கட்டில் விரிப்பு செய்தேன். மூலைக்கு மூலை மயில் வைத்திருந்தேன்.

அக்கா அதை விரித்து, வந்தவர்களுக்கு உயர்த்திக் காட்டினார்.

"பாருங்க, ஊருல உள்ள கந்தலு முழுக்க எனக்க வீட்டுக்கு வந்தாச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த வாரம் அவர்கள் நாய்க்கூண்டுக்குள் என் மயில் கிடந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் இவள் என் முற்றத்தில் வந்து நிற்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கயிறு திரிக்கும்போதும் சோப்பு கிண்டும்போதும் அதே நினைப்புதான்.

மூன்று வருடம் கழித்துப் புயல் வந்தது. ரப்பர் மரங்கள் கம்பிகள்மேல் விழுந்து மின்சாரம் போயிற்று. சுற்றிலும் எல்லோரும் குழாய்க்கிணறு போட்டுப் பழைய கிணறுகளை மூடியிருந்தார்கள். எங்கள் கிணறு மட்டும்தான் மிச்சம். மோட்டார் ஓடாமல் அக்கா வீட்டுத் தொட்டி இரண்டாம் நாளே வற்றியது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீருக்குக் குடத்தோடு வந்தார்.

"மக்கா, கொஞ்சம் வெள்ளம் தருவியா?"

நான் மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"கிணறு அங்கதான இருக்கு. கோரிக்கிடுங்க அக்கா."

அவருக்குக் கயிறு இழுத்துக் கோரத் தெரியாது. பாதி ஏறிய வாளி திரும்பவும் கீழே போய் விழுந்தது. நாரின் சொரசொரப்பில் உள்ளங்கை சிவந்தது. கணவர் எழப் பார்த்தார். "முதுக வச்சிக்கிட்டு எங்க எந்திரிக்கிய?" என்றேன். உட்கார்ந்துவிட்டார். ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தால் கை எரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அப்படியே மூன்று நாள் வந்தார். காலையில் ஐந்து குடம், மாலையில் ஐந்து குடம். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. நான் வேலையைப் பார்க்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

கடைசி நாள் மாலையில் வாளியைப் போட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார்.

"ஏட்டி, எனக்க மேல ஒனக்கு என்னத்துக்கு இவ்வளவு கோவம்? நான் என்ன செஞ்சேன்?"

"அந்த விரிப்பு."

"எந்த விரிப்பு?"

அவர் நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாய்க்கூண்டைச் சொன்னேன்.

"ஓ, அதுவா! அதுல படுத்தாத்தான் நாய் ஒறங்கும் மக்கா. அதுக்கா இப்படி?"

மூன்று வருடமாக நான் சுமந்தது அவர் நினைவில்கூட இல்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. விட்ட அடி சுவரில் பட்டதுபோல் இருந்தது. இருந்தும் ஒரு குடம்கூட நான் கோரிக்கொடுக்கவில்லை. அவரே எழுந்து, மிச்சத்தைக் கோரி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மின்சாரம் வந்தது. அவர் வீட்டு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா கையில் மருந்து வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்த கணவர், சோற்றுத் தட்டின்முன் உட்கார்ந்து கேட்டார்.

"ஒனக்கு இப்பம் திருப்தியா?"

"இல்ல," என்றேன். "இன்னும் ஒரு வாரம் கரண்டு வராம இருந்திருக்கலாம்."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். நான் சாப்பிட்டேன்.