இல்லாத குகை

எழுத்தாளர் க்ளெனிஸ் டலக் இன்று காலை கப்பலின் நடைவழியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, காலுறைத் தையலிலிருந்து புல்விதை ஒன்றை இடுக்கியால் உருவிக்கொண்டிருந்தார். தென்கோடித் தீவுகளில் வெளிமண் ஒட்டிய காலோடு இறங்கக் கூடாது. மற்றவர்கள் பூட்சைத் தேய்த்துக் கழுவுவதோடு சரி. இவர் சட்டைப்பையைத் திருப்பி உதறி, முகர்ந்தும் பார்ப்பார். யாராவது தன் புத்தகத்தைப் பாராட்டினால், "அது கெடக்கட்டும்" என்று இன்னும் குனிந்துகொள்வார்.

இப்போது வந்திருக்கும் இந்தத் தீவில் முன்பு கப்பல் உடைந்து ஒதுங்கியவர்களின் கதை அது. சுமாரான புத்தகம்தான், மழை மட்டும் நன்றாகப் பெய்யும். இன்வர்கார்கில் நகரத்து வீட்டில் கணப்பருகே உட்கார்ந்து எழுதியது. அடுத்த புத்தகத்துக்குத் தகவல் திரட்டத்தான் தீவை முதன்முறையாகப் பார்க்க வந்திருக்கிறார். இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது என்று தன்னோடு வாதாடுவார். அந்த வாதத்தில் தோற்றதேயில்லை.

நேற்று கரையில் காலின் என்ற சக பயணி கேட்டேவிட்டார். பால்பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் கிழவர். "உங்க கதையில ஈரக் கம்பளி நாத்தம் தாங்க முடியலைங்க. எம் பொண்டாட்டி இருந்தவரைக்கும் சன்னலைத் திறந்துவெச்சுத்தான் படிப்பா. அவளுக்காகத்தான் வந்தேன். அவங்க ஒதுங்கியிருந்த குகை எங்க இருக்கு?"

குகை கற்பனை. "அதோ, அந்தப் பக்கம்" என்று க்ளெனிஸ் பாறைச்சரிவைக் காட்டினார்.

காலின் பலகைப் பாதையை விட்டு இறங்கினார். அங்கே கடற்பறவைகள் தரைக்கடியில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மண் சரிந்து அவருடைய ஒரு கால் தொடைவரை உள்ளே போனது. காலை இழுத்தபோது ஒரு குஞ்சு நசுங்கிக் கிடந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பெரியவரே. இது என்ன உங்க மாட்டுக் கொட்டாயா?" என்றார் தீவுக் காவலர் ராவிரி. கப்பலுக்குத் திரும்பியதும் கரையிறங்குவோர் பலகையில் மாட்டியிருந்த காலினின் பெயர் வில்லையைக் கழற்றிக்கொண்டார். வில்லை இல்லாதவர் கரையிறங்க முடியாது. தன்னை அனுப்பியது யாரென்று காலின் வாய் திறக்கவில்லை. க்ளெனிஸும் திறக்கவில்லை.

இன்று காலுறை சுத்தமானதும், படகுக்கு வரிசையில் நின்ற க்ளெனிஸிடம் காலின் தன் கேமராவை நீட்டினார். "நீங்க போறீங்கல்ல. குகையை மட்டும் ஒரு படம் எடுத்தாந்துருங்க. அவ கல்லறையில வெக்கணும்."

க்ளெனிஸ் அதை வாங்கவில்லை. வரிசையிலிருந்து விலகி ராவிரியிடம் போனார். "குகையே கெடையாது. நான் இதுக்கு முன்னாடி இங்க வந்ததும் இல்ல. அவரை அங்க அனுப்புனது நான்தான்." காலினுக்குக் கேட்கும்படிதான் சொன்னார், அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. பிறகு தன் வில்லையைக் கழற்றி ராவிரியின் மேசையில் கவிழ்த்துவைத்து, காலினுடையதை அவருக்குத் திருப்பித் தரக் கேட்டு உள்ளங்கையை ஏந்தி நின்றார்.