பத்து என்று சொல்லும் வரை

ரெடிமேட் துணிக்கடையின் பின்பக்கம், டிரையல் ரூமை ஒட்டி ஒரு தையல் மெஷின். அதுதான் ஆல்டரேஷன் அக்காவின் ராஜ்ஜியம். பேண்ட் வாங்கியவர் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா அளவு நாடாவை எடுத்திருப்பாள். "இந்தத் தோள் வந்து..." என்று ஒருவர் இழுத்தால், "இறங்குது, ஒரு இஞ்ச் பிடிக்கணும், அரை மணி நேரம் கழிச்சு வாங்க" என்று மீதியை அவளே சொல்லிவிடுவாள். பாதியில் நிற்கும் எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. கடையில் அது நல்ல பேர் வாங்கித் தந்தது. வீட்டில்தான் வினையாகப் போனது.

மகளுக்கு ஒன்பது வயது. பேச்சு திக்கும். வார்த்தை உள்ளே தயாராக இருக்கும், உதட்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். 'ப'வில் தொடங்கினால் தொலைந்தது. குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "ப... ப..." என்று திணறும்போது எந்தத் தாய்க்கு மனசு கேட்கும்? பால், பென்சில், பசிக்குது, எல்லாவற்றையும் அம்மாவே சொல்லி முடித்தாள். பாசத்தில்தான் செய்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும்.

ஒரு நாள் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "கணக்கு நோட்டுல பாதிப் பக்கம் காலியா இருக்கு. புரியலைன்னாலும் எழுந்து கேக்க மாட்டேங்கறா. வருஷக் கடைசியில ஒரு பக்கம் சத்தமா வாசிச்சுக் காட்டணும். முடியலைன்னா இதே வகுப்புல இன்னொரு வருஷம் உக்காரணும்மா."

அந்த வாரம் அக்காவின் தையல் கோணல் கோணலாகப் போனது. அப்போதுதான் ஒரு இளம்பெண் கராத்தே சட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டாள். பகலில் மருந்துக்கடையில் வேலை, சாயந்தரம் டயர் கடை மாடியில் பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு. அக்கா மனசிலிருந்ததைக் கொட்டித் தீர்த்தாள்.

"உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்கக்கா."

"அடிதடி கத்துக்கிட்டா பேச்சு வந்துடுமா?"

"பேச்சு வரும்னு நான் சொல்லல. பத்து வரைக்கும் எண்ணுவா."

டயர் கடை மாடியில் ரப்பர் வாசனை தூக்கலாக இருந்தது. இருபது பிள்ளைகள் வரிசையாக, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல முழங்காலை மடக்கி நின்றார்கள். முறை வைத்து ஆளுக்கொரு தடவை எண்ண வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எல்லோரும் ஒரு குத்து விடுவார்கள். "பத்து" வரும்வரை யாரும் நிமிரக் கூடாது. எண்ணுகிறவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

மூன்றாவது வாரம் மகளின் முறை வந்தது. ஒன்பது வரை எப்படியோ வந்துவிட்டாள். பிறகு "ப..." அவ்வளவுதான். அறை அப்படியே நின்றது. இருபது ஜோடிக் கால்களும் நடுங்கின. ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பத்து" என்றாள் சத்தமாக.

பிள்ளைகள் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார்கள். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தாள். "இந்த எண்ணிக்கை செல்லாது. மறுபடியும் ஒண்ணுலேர்ந்து."

பின்வரிசைக் குண்டுப் பையன் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஆன்ட்டி, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், இனிமே சொல்லாதீங்க."

"உக்காந்து பாத்தா வாய் சும்மா இருக்காதுக்கா," என்றாள் பயிற்சியாளர். "நீங்களும் வந்து நில்லுங்க."

அக்கா வெட்கத்தோடு குண்டுப் பையனுக்குப் பக்கத்தில் போய் முழங்காலை மடக்கினாள். தொடை தீயாய் எரிந்தது. மறுபடி ஒன்பது. மறுபடி "ப..." அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். நேரம் போனது. கடைசியில் "பத்து" வந்தது, சின்னதாக, ஆனால் மகளின் வாயிலிருந்து வந்தது. அந்தக் குரலின் இனிமையை அக்கா அன்றைக்குத்தான் கேட்டாள். இத்தனை நாள் அதன் மேல் தன் குரலைத் தைத்து மூடியிருக்கிறோமே என்று நினைத்து, வீடு வரும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அதன்பின் வாரம் இரண்டு நாள் அவளும் பின்வரிசையில் நின்றாள். மகளுக்குத் திக்கல் போய்விடவில்லை. திக்கினால் ஓடி ஒளிவதுதான் போனது. தப்பானால் மறுபடி ஒன்றிலிருந்து என்பது பழகிவிட்டதால், தப்பான கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். ஒரு நாள் வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்டாளாம். டீச்சர் நோட்டிலேயே எழுதி அனுப்பியிருந்தார்.

வருஷக் கடைசி வந்தது. டீச்சர் மேசைக்குப் பின்னால். எதிரே மகள், கையில் புத்தகம். அக்கா சுவரோரம் நின்றாள். முதல் பத்தி தட்டித் தடவி நகர்ந்தது. இரண்டாவது பத்தியின் முதல் சொல் 'படகு'.

"ப..." நின்றது. டீச்சர் நல்லவர். அவர் உதடும் "ப" என்று குவிந்தது.

"டீச்சர், கொஞ்சம் இருங்க. அவளே சொல்லுவா," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, சுவரை விட்டு நகர்ந்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் 'டக்' என்று சத்தம் போட்டது. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் நிமிர்ந்து அம்மாவின் நடுங்கும் காலைப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

"ப... ப... படகு," என்றாள். "படகு மெதுவாகக் கரையை நோக்கி வந்தது."

அதன்பின் இன்னும் மூன்று இடத்தில் முட்டியது. மூன்றிலும் அவளே தாண்டினாள். கடைசி வரி முடியும்வரை அக்கா நிமிரவில்லை.

டீச்சர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். "அடுத்த வகுப்புக்கு அனுப்பறேம்மா."

நன்றி சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். "ந..." என்றதற்கு மேல் வரவில்லை. ஊருக்கெல்லாம் மீதியைச் சொல்லி முடிக்கிற வாய் அது.

மகள் எடுத்துக் கொடுக்கவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து, முழங்காலை மடக்கி நின்றாள்.